காலையில் மட்டும் ஓடாத அம்பாசிடர்

1. அப்பாவின் அம்பாசிடரிலிருந்து கார்பரேட்டரைக் கழற்றினேன். அந்தக் கார் வயதில் எனக்கு அக்கா.
2. பாகம் பாகமாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஜெட்டுகளில் காற்று ஊதினேன். கேஸ்கெட்டும் ஊசி வால்வும் புதிதாகப் போட்டேன்.
3. திரும்ப மாட்டினேன். மத்தியான வெயிலில் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அப்பா எங்கள் மலையூர் காவலூரை ஒரு சுற்றுச் சுற்றி, கேட்காதவர்களிடமெல்லாம் "பொண்ணு செஞ்சது" என்று சொல்லிவிட்டு வந்தார்.
4. மறுநாள் காலைப் பனியில் ஸ்டார்ட் ஆகி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றது.
5. ஒன்றிலிருந்து நான்கு வரை திரும்பச் செய்தேன்.
6. ஐந்தைத் திரும்பச் செய்தேன்.

"இன்னாமா, காலையில வண்டி ஓட்றது உங்க சிலபஸ்ல இல்லியா?" என்றார் அப்பா.

நான் மெக்கானிக்கல் படித்தவள். ஒரு பம்பு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். இந்தக் காருக்காகவே லீவு போட்டு வந்திருந்தேன். காரணம், மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் கல்யாண போட்டோ எடுக்கும் ஒருவர். தோப்பு ஒன்றில் பொம்மைக் கோபுரம், ஊஞ்சல் எல்லாம் வைத்திருக்கிறார். நடுவில் நிறுத்த ஒரு பழைய கார் வேண்டுமென்று எங்கள் காரை விலைக்குக் கேட்டிருந்தார். "இஞ்சின் வேணாங்க. அதை எடுத்துட்டா பானெட்டுக்குள்ள பூச்செடி வெச்சிடலாம்" என்று போனில் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரை எனக்கே கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில அவர் வர்றார். அவர் எதிர்ல ஸ்டார்ட் ஆகி, ஒடுகத்தூர் போய்ட்டு, நிக்காம மேல வந்தா வண்டி உனக்கு. இஞ்சின் நின்னுச்சுன்னா அவருக்கு."

"நின்னா தள்ளிக்கலாமா?"

"தள்றதெல்லாம் கணக்குல வராது."

என் தப்பு செய்முறையில் இருந்தது. கார் காலையில் நிற்கும். நான் சாவகாசமாக டிபன் சாப்பிட்டு, வெயில் ஏறியபின் கார்பரேட்டரைப் பிரிப்பேன். உள்ளே எல்லாம் சுத்தமாக இருக்கும். எனவே சனிக்கிழமை, நின்ற உடனே, கை விறைக்கும் குளிரில் பிரித்தேன். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் விடும் ஐட்லிங் ஜெட்டின் மயிரளவுத் துளையில் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. கம்பியால் தள்ளி எடுத்தேன். காபி கொண்டுவந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"இது இன்னான்னு பாரும்மா."

அம்மா நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் தேன் வாங்கி, வடிகட்டி விற்பவள். விரலில் வாங்கி உருட்டினாள். முகத்தில் தொழில் பெருமை வந்துவிட்டது.

"தேன் மெழுகுடி. நல்ல மெழுகு. மலைத்தேனோடது."

"கார்பரேட்டர்ல இருந்து வந்துச்சும்மா."

அம்மா உருட்டுவதை நிறுத்தினாள்.

எங்கள் ஊரில் பங்க் கிடையாது. அப்பா கீழே போகும்போதெல்லாம் பெட்ரோலைக் கேனில் பிடித்துவந்து வைப்பார். அந்தக் கேன் ஒருகாலத்தில் அம்மாவின் தேன் கேன்.

"கேனு கேட்டது யாரு?" என்றாள் அம்மா, நாங்கள் எதுவும் சொல்வதற்குள்.

"கழுவிக் குடுன்னுதானே கேட்டேன்?" என்றார் பக்கத்தில் நின்றிருந்த அப்பா.

"கழுவித்தான் குடுத்தேன். பச்சத் தண்ணியில மெழுகு போவுமா?"

"அத இப்ப வந்து சொல்றா பாரு!"

கேனின் அடியில் படிந்திருந்த மெழுகைப் பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. குளிரில் அது ஜெட்டில் போய் உறையும். வெயில் வந்தால் இளகிப் போய்விடும். மூன்று தடவையும் நான் இல்லாத அழுக்கைத்தான் கழுவியிருக்கிறேன்.

டேங்கைக் காலி செய்து அலசினேன். குழாயை மாற்றினேன். புதுக் கேனில் புதுப் பெட்ரோல் வந்தது. மேலே காற்று மெல்லிசு. கீழே சரியாக இருக்கும் கலவையில் இங்கே பெட்ரோல் அதிகமாகிவிடும். அதனால் மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இந்தப் பக்கம் தடுமாறும் இடத்துக்கும் அந்தப் பக்கம் தடுமாறும் இடத்துக்கும் நடுவில் நிறுத்தினேன். இஞ்சின் சத்தத்தைக் கேட்டு அடுப்படியிலிருந்து அம்மா, "இப்பதான் ஒழுங்கா கொதிக்குது" என்றாள்.

ஞாயிறு காலை, போட்டோக்காரர் பைக்கை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் பின் சீட்டில் ஏறினார். அவர் பக்கத்தில் அம்மா, முன்னால் அப்பா. ஸ்டியரிங் என்னிடம். இரண்டாவது தடவையில் ஸ்டார்ட் ஆனது. இறங்கியதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏறும்போது ஒரு வளைவில், எங்களுக்கு முன்னால் போன ஜீப்பும் எதிரே இறங்கிய பஸ்ஸும் முட்டிக்கொள்வதுபோல் நின்றன. யார் பின்னால் போவது என்று இரண்டு டிரைவர்களும் இறங்கி நின்று பேச ஆரம்பித்தார்கள். எங்கள் இஞ்சின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணிடும்மா. எதுக்குப் பெட்ரோல் வேஸ்ட்டு?" என்றார் போட்டோக்காரர், ரொம்பவும் அக்கறையாக.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க தம்பி" என்றாள் அம்மா.

அப்பா டேஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் இஞ்சினின் அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விற்க மனமில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ் கடைசியில் பின்வாங்கியது. கியரைப் போட்டேன். கார் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு ஏறியது.

வீட்டு வாசலில் போட்டோக்காரர் பானெட்டைத் தடவிப் பார்த்தார். "பூ வெச்சா சூப்பரா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார்.

கார் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது, ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில். காலையில் ஸ்டார்ட் ஆகிறது. பிரேக் இடது பக்கம் இழுக்கிறது.