வசந்தாம்மாவின் சிரிப்பு ஷாட்

சீரியல்களுக்கு செட் போட்டுக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் காலையில் திடீரென்று டைரக்டர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டைரக்டருக்கு டெங்கு. அன்றிரவு ஒளிபரப்பாக வேண்டிய எபிசோடில் பாதி பாக்கி. லொக்கேஷன் கோபாலபுரத்தில் வாடகைக்கு எடுத்த பழைய பங்களா. டைரக்டராக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அது இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

சீன் இதுதான்: மாமியார் இறந்துபோகிறார், ஹாலில் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். மாமியாராக நடித்தவர் வசந்தாம்மா. முந்தின வாரம்தான் அவருடைய மார்பிலிருந்த கட்டியைப் பரிசோதனைக்கு எடுத்திருந்தார்கள். அன்று மாலை அடையாறு ஆஸ்பத்திரியில் ரிசல்ட். யூனிட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

எங்கள் யூனிட்டில் இரண்டு வழக்கம் உண்டு. மாலை போடவேண்டிய படத்தை, அந்த ஆர்ட்டிஸ்ட்டின் கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் வெளியே எடுப்போம். சாவு சீனில் நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும். அந்த ஷாட் எந்த எபிசோடிலும் வராது. சாவு அவரோடு வீட்டுக்குப் போகக்கூடாது, அதற்காகத்தான்.

சாவு ஷாட் முடிந்தது. சிரிப்பு ஷாட்டுக்காக லைட்டை மாற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் குடிக்க ஹாலுக்குப் போன வசந்தாம்மா அப்படியே நின்றுவிட்டார். அவசரக்குடுக்கையான எங்கள் மேனேஜர் படத்தை மாட்டி, மாலையும் போட்டுவிட்டிருந்தார்.

வசந்தாம்மா மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கார் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"இன்னா நைனா, இப்டி ஆயிப்போச்சு? சரி வுடு. போன்ல அவங்க போட்டோ கீது. பிரிண்ட் எடுத்து மாட்டிடு" என்றார் மேனேஜர்.

"மாட்டமாட்டேன் சார்."

"எபிசோட் போவலன்னா நாளைக்கு நீ பழையபடி ஆணி அடிக்கத்தான் போவணும். பாத்துக்கோ."

சுருக்கென்றது. பயமாகவும் இருந்தது. ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். மாமியார் எப்போதும் உட்காரும் பிரம்பு நாற்காலியை ஜன்னலோரம் போட்டவன் நான்தான். மருமகளாக நடித்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

"எப்பவும் போல காபி கொண்டுவந்து அந்த நாற்காலிக்கு முன்னாடி வைம்மா. வச்ச அப்புறம்தான் அவங்க இல்லைன்னு உனக்கு ஞாபகம் வரணும்."

ஒரே டேக். அந்தப் பெண்ணின் கை டம்ளரை விடவேயில்லை. மாலை போடும் சீனுக்குப் பதில் இதுதான் என்று மேனேஜர் போனில் சேனலுக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினார்.

அப்போது வசந்தாம்மாவின் டிரைவர் உள்ளே வந்தார். "அம்மா கார்லயேதான் கீறாங்க சார். சிரிப்பு ஷாட் எடுக்காம எப்டிப் போறதுன்னு கேக்கறாங்க."

வசந்தாம்மா வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார். கேமரா ஓடியது. சிரிப்பு வரவில்லை. உதடுதான் நடுங்கியது. பிறகு அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"மாட்டினதுதான் மாட்டினே, நேரா மாட்டக் கூடாதாய்யா? ஒரேயடியா கோணல்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் "கட்" சொல்லாமல் கேமராவை ஓடவிட்டேன்.

ரிசல்ட் நல்லதாக வரவில்லை. ஆனால் சிகிச்சையெல்லாம் முடிந்து, இப்போது வேறொரு சீரியலில் மாமியாராக எல்லோரையும் ஆட்டிவைக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். நேரம் எவ்வளவு நெருக்கினாலும் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், சிரிப்பு ஷாட்டை மட்டும் வெட்டாதீர்கள். வெளியே காரில் ஒருவர் அதற்காகக் காத்திருப்பார்.