மூன்றாவது அடுப்பு

அப்போது எங்கள் ஊரில் வீடு நூற்றுப் பன்னிரண்டு, குடும்பம் நூற்று முப்பது. கணக்கு உதைக்கிறதா? சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் எல்லாருக்கும் தனி வீடு கட்ட வக்கில்லை, அவ்வளவுதான். அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்திய அன்று, சமையலறை நடுவில் தகரத்தை நிறுத்தி அடுப்பை இரண்டாக்கினார்கள். மறுநாளே நான் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டேன். எந்தப் பக்கம் என்ன கொதிக்கிறது என்று தெரிய வேண்டாமா?

இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர் அத்தை. இருவருக்கும் மூத்த அக்கா. தம்பிகளை இடுப்பில் தூக்கித் தூக்கியே கல்யாண வயசைத் தாண்டியவர். அரிசி மில்லில் சாக்கு தைக்கிற வேலை. கோணி ஊசியைக் கொண்டையில் செருகியிருப்பார். ஒருநாள் அது பெரியப்பா நாற்காலியில் நட்டுக்கொண்டு நின்றது. எப்படி என்று எனக்குத் தெரியாது. காலைச் சாப்பாடு பெரியப்பா அடுப்பில், ராத்திரிச் சாப்பாடு எங்கள் அடுப்பில் என்று அத்தையின் காலம் ஓடியது.

அந்த வருஷம் மக்கள்தொகை கணக்கெடுக்க பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தார்.

"ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க ஒரு குடும்பம். இந்த அம்மாவை எந்த அடுப்புல எழுதட்டும்?"

"தம்பி பக்கம் எழுதுங்க சார்," என்றார் பெரியப்பா.

தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அப்பா குரல்: "மூத்தவரு இருக்கும்போது என்கிட்ட எதுக்கு? அங்கேயே எழுதச் சொல்லுங்க சார்."

யார் பக்கம் எழுதுகிறாரோ அவர் தலையில் அத்தை கடைசிவரை விழுந்துவிடுவார் என்று இருவருக்கும் பயம். வாசற்படியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

"நாளைக்கு வாங்க சார். சொல்றேன்."

மறுநாள் கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல், மேலே ஒரு பானை, கீழே புகை. செங்கல் பெரியப்பாவின் கோழிக்கூட்டிலிருந்து வந்தது, உப்பு எங்கள் வீட்டிலிருந்து. கொண்டுவந்தவன் ஆறாம் வகுப்பில் அன்றைக்கு 'ஆப்சென்ட்'.

"இது மூணாவது அடுப்பு. எழுதிக்குங்க."

"குடும்பத் தலைவர்?"

"நான்தான்."

"மொத்தம் எத்தனை பேரு?"

"ஒரு ஆளு."

 வாத்தியார் கொல்லைக் கதவில் சாக்பீஸால் 58/3 என்று எழுதினார்: ஐம்பத்தெட்டாம் வீடு, மூன்றாவது குடும்பம். குடும்பம் நூற்று முப்பத்தொன்று.

ஒரு வாரம் கழித்துச் சரிபார்க்க வந்தவர் அசந்துபோனார். அடுப்பைச் சுற்றி நான், என் தங்கச்சி, பெரியப்பா பிள்ளைகள் மூன்று பேர். ஒரு ஓரமாகத் தட்டோடு பெரியப்பா. இன்னொரு ஓரத்தில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா.

"என்னம்மா, ஒரு ஆளுன்னுதானே எழுதினேன்?"

"ஒரு ஆளுதான் சார்," என்றார் அத்தை, கரண்டியைத் தட்டியபடி. "இதுங்க எல்லாம் வந்து போற உருப்படிங்க."

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நேரத்தில் தட்டைக் குனிந்து பார்த்தார்கள்.

அத்தை போய்ச்சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. தகரம் இன்னும் நிற்கிறது, ஓட்டை மட்டும் பெரிதாகிவிட்டது. மழை பெய்து 58/3 அழியும்போதெல்லாம் நான் திரும்ப எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவனுக்கு சாக்பீஸ் எங்கே கிடைக்கிறது என்று மட்டும் வாத்தியார் கேட்காமல் இருக்கணும்.