பப்பாசிக் குழலில் ஏறிய மூச்சு

புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட் வீட்டின் சாப்பாட்டு மேசையில், ஆசிரியையான என் மகள் நாளைய வகுப்புக்காக, அடியில் றப்பர்த் தாள் கட்டிய பிளாஸ்டிக் போத்தலுக்குள் இரண்டு பலூன்களைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கீழ் றப்பரை மெல்ல இழுங்கோ."

இழுத்தேன், பலூன்கள் நுரையீரல்களாக விரிந்தன. றப்பர் மணம் மறைந்து, யாழ்ப்பாணத்து வகுப்பறையில் அன்று வீசிய பச்சை இறைச்சி மணம் எழுந்தது.

நெற்றியில் திருநீறு துலங்கும் எங்கள் விஞ்ஞான ரீச்சர் மச்சமாமிசம் உண்ணாதவர். அவரே ஆட்டின் நுரையீரலை வாழையிலையில் ஏந்திவந்து, மூச்சுக்குழாயில் பப்பாசி இலைக்காம்புக் குழலைச் செருகினார்.

"சைவக்காரப் பிள்ளையள் விலகி நிக்கலாம். ஆனா, தூர நிண்டால் இந்த அதிசயத்தைக் காணமாட்டியள்," என்று கூறித் தம் வாயாலேயே ஊதினார். சாம்பிக் கிடந்த சதை, படைத்தவன் கைத்திறம் துலங்க, இளஞ்சிவப்பாய் மலர்ந்தது. சைவ வீட்டுப் பிள்ளையான நானும் ஊதினேன்.

பள்ளி விட்டு வந்ததும், அம்மா வீட்டுக்குள் விடுவாரோ என்ற அச்சத்துடன் கிணற்றடியில் நின்றேன். நடந்ததைக் கேட்ட அம்மா, என் தலையில் வாளி வாளியாக நீர் வார்த்தார். பிறகு தணிந்த குரலில், "ஊத ஊத எழும்பினதோ, பிள்ளை?" என்றார்.

"ஓம் அம்மா, பூ மாதிரி."

அன்று மாலை ஐந்தெழுத்தை ஓதத் தொடங்குமுன், அம்மா நெஞ்சில் கைவைத்து ஆழமாக மூச்சிழுத்தார்.

"போதும் அம்மா, றப்பர் கிழியப்போகுது," என்று மகள் சிரித்தாள். ஐந்தெழுத்தை முணுமுணுத்தபடி இன்னொருமுறை இழுத்தேன்.