சனோபர் போட்ட தாழ்ப்பாள்

உஸ்பெகிஸ்தானின் மர்கிலான் நகரில், எங்கள் தெருவில் சனோபரின் தடுப்பூசிக்குத் தப்பிய கை ஒன்றுகூடக் கிடையாது. உருளைக்கிழங்கு வண்டி இழுக்கும் கழுதைக்கே இரண்டு தவணை போட்டு முடித்தவள் அவள். கழுதை கொஞ்சம் அதிகப்படிதான். மற்றதெல்லாம் ஏறக்குறைய உண்மை.

பகுதி மருத்துவமனை நர்ஸான அவள் வீடு வீடாக ஏறி இறங்கி, "இதைப் போட்டுக்கிட்டா கொரோனா உங்க வாசலைக்கூட மிதிக்காது" என்று அடித்துச் சொல்லித்தான் எல்லோரையும் சட்டைக் கையை மடிக்க வைத்தாள். ஜனவரியில் உருமாறி வந்த வைரஸ் ஒரு வாசல் விடாமல் மிதித்தது. நாளைக்குப் பதினைந்து வீடு, பதினைந்திலும் இருமல், பதினைந்திலும் ஒரே கேள்வி: "ரெண்டு ஊசி போட்டியே சனோபர், பச்சைத் தண்ணியையா ஏத்தினே?" பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. கடைசியில் அவளே படுத்துவிட்டாள்.

எங்கள் பக்கம் ஒருவர் படுத்தால் தெருவே போய் நலம் கேட்கும். கேட்கப் போகாதவள் பகையாளி. வந்தவர்களுக்குக் கதவு திறக்காதவள் அதைவிட மோசம். ஊருக்கெல்லாம் தள்ளி நில்லுங்கள் என்று சொன்ன சனோபர், ரொட்டிக்காரர் எர்காஷின் மனைவி மத்லூபா சூடான சூப்போடு வந்து நின்றபோது, வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல் "உள்ள வா" என்றுவிட்டாள். மத்லூபா கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள்.

நான்காம் நாள் எர்காஷுக்குக் காய்ச்சல். இருபது வருடச் சர்க்கரை நோயாளி. மூன்றாவது தவணைக்கு வராமல் டிமிக்கி கொடுத்தவர்.

தனக்குத் தொற்று நீங்கியது என்று சோதனை சொன்ன அன்றே சனோபர் நின்று நின்று மூச்சு வாங்கி அந்த வீட்டுக்கு நடந்தாள். எர்காஷின் விரலில் மாட்டிய கருவி, தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாத ரத்த ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று என்று காட்டியது. அவள் உடனே ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. வண்டிக்குச் சொல்லிட்டேன்."

"உன் பேச்சைக் கேட்டு ரெண்டு தடவை கையை நீட்டினது போதும்." அதைச் சொல்வதற்குள் அவருக்கு இரைத்தது. "வாசலை மிதிக்காதுன்னியே! இப்ப கட்டில்ல ஏறிப் படுத்திருக்கு. மத்லூபாவுக்கே இடமில்லை."

"அது நான் விட்ட புளுகு. ஊசி புளுகலை. காய்ச்சல் வரலாம், உயிருக்கு ஆபத்துதான் குறையும்னு நேரா சொல்லியிருந்தா கையை நீட்டியிருப்பீங்களா?"

எர்காஷ் யோசித்தார். "மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"இருந்தாலும் சொல்லியிருக்கணும்."

சனோபர் தரையிலேயே உட்கார்ந்தாள். வாதாடத் தெம்பில்லை. "மத்லூபாவை உள்ள விட்டதும் நான்தான் அண்ணே. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் இந்தத் தெருவுல என்னால நடக்க முடியாது. எழுந்திருங்க."

"ரொட்டி அடுப்பை யாரு பாத்துப்பா?"

"அடுப்புக்குக் காய்ச்சல் இல்லை. எழுந்திருங்க."

அவர் முனகிக்கொண்டே காலணியைத் தேடினார்.

எர்காஷ் வீடு திரும்பிய அன்று, சூப்புப் பாத்திரங்களோடு தெரு திரண்டது. சனோபர் அவர்கள் கண்ணெதிரே எர்காஷ் வீட்டு வாசல் கதவை வெளியிலிருந்து இழுத்துத் தாழிட்டு, அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"பாத்திரத்தை அங்கேயே வெச்சிட்டுப் போங்க. யாரும் உள்ள போக வேண்டாம்."

"எங்க மூஞ்சியிலயா கதவைச் சாத்துறே?" என்றாள் ஒருத்தி. "உன்னைப் பாக்க நாப்பது பேர் வந்தோமே, மறந்துட்டியா?"

"மறக்கலை. அதனாலதான் சாத்துறேன்."

முணுமுணுப்பு அடங்கச் சற்று நேரமானது. "ஆள் எப்படி இருக்கார், அதையாவது சொல்லு."

"ரெண்டு நாள் ஆக்சிஜன் வெச்சாங்க. இப்ப நல்லா நடமாடறார்."

கதவுக்கு உள்ளிருந்து மத்லூபாவின் குரல் வந்தது: "ஆறு நாள்! நடமாட்டமும் இல்லை, ஒண்ணும் இல்லை. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு கழிப்பறை வரைக்கும் போயிட்டு வர்றார். உள்ளதைச் சொல்லு, சனோபர்!"