உருண்டு வந்த வளையல்

மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிக் கிடந்த நேரம். சமையலறையிலிருந்து ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல் தானாக உருண்டு வந்து, கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என் பாயோரம் ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்தது. எட்டிப் பார்த்தேன். சித்தி முதுகைக் காட்டி நின்று, குடத்திலிருந்து மொண்டு மொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து வளையல் கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது, மூன்று வருஷத்துக்கு முன்னால். நான் பள்ளி இறுதி வகுப்பு. சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்களோடே இருந்தாள். ஒரு வருஷம் முன்புவரை அவளுக்கு வளையல் போடுவதென்றால் தெருவே கூடிச் சிரிக்கும். வளையல்காரர் சோப்பு நுரை தடவி விரல்களை மடக்கி ஏற்றுவதற்குள் அவளுக்குக் கண்ணீர் வந்துவிடும். அப்பாவுக்கு மச்சினியைச் சீண்டுவதில் தனி ருசி. "நீ கிரிவலம் போவாதம்மா. எந்த மலையைச் சுத்தறதுனு ஜனங்க குழம்பிடுவாங்க" என்பார். எல்லோரையும்விடச் சித்திதான் பலமாகச் சிரிப்பாள். அப்புறம் பசிக்கவில்லை என்று படுத்துவிடுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்காங்க" என்பார்கள், ஏதோ குழம்பில் உப்பைச் சொல்வதுபோல.

ஒரு பௌர்ணமியன்று பட்டினி கிடந்து, வெறுங்காலோடு மலையைச் சுற்றி வந்தாள். அடுத்த பௌர்ணமியும். பிறகு மெலிய ஆரம்பித்தாள். அது என்ன மெலிவு! கழுத்தெலும்பு, தோளெலும்பு என்று ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. ரவிக்கைக்குள் வேறு யாரோ நிற்பதுபோல் இருந்தது. ஊரோ கொண்டாடியது. அண்ணாமலையார் கொடுத்தது என்றார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள் மகள்களை அழைத்துவந்து, என்ன விரதம், எங்கே நடையைத் தொடங்கினாய் என்று விசாரித்தார்கள். அப்பாகூட, "இப்பதான் லட்சணமா இருக்கே" என்றார். குளியலறைச் சாக்கடையோரம் எறும்புகள் கறுப்பு நூல்போல் வரிசை கட்டியிருந்ததை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வளையலை அம்மாவிடம் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா சித்தியிடம், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்றாள்.

"மெலிஞ்சதுக்கா டாக்டர்கிட்ட போவாங்க?" சித்தி சிரித்தாள். பல் மட்டும் பெரிதாகத் தெரிந்த சிரிப்பு. "ஊசி போட்டு மறுபடியும் பழையபடி ஆக்கிட்டாங்கன்னா? இப்பதான்க்கா என்னை மனுஷியா பாக்கறாங்க. உனக்குப் பொறுக்கலையா?"

அம்மா தங்கையின் உருவத்தைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. "பாக்கறவங்களை விடுடி. உனக்கு எப்படி இருக்குது?"

சித்தி குடத்திலிருந்து இன்னொரு சொம்பு மொண்டு குடித்தாள். சின்னப் பிள்ளைபோல, "தாகமா இருக்குதுக்கா" என்றாள். "எவ்ளோ குடிச்சாலும் அடங்கல. பயமா இருக்குது."

மறுநாள் டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார். தினமும் ஊசி. மெல்ல மெல்லச் சதை திரும்பியது. வளையல்காரரின் சோப்பும் திரும்பியது. அப்பா அந்த மலை வேடிக்கையை மறுபடி எடுக்கவே இல்லை.

இப்போது நான் மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். போன வாரம் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, "மெலிஞ்சு சூப்பரா ஆயிட்டியே!" என்றது தெரு. எனக்குப் பெருமைதான். வீட்டில் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து வளையலை லேசாக ஆட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

பஸ்ஸில் வந்த தாகம்தான் என்று சொல்லிக்கொண்டே சொம்பை எடுத்தேன். பாதியில் நிறுத்த முடியவில்லை.