மூன்று சொம்பு மோர்

கறிவேப்பிலையும் பெருங்காயமும் கசக்கிப் போட்ட நீர்மோரின் வாசம் எங்கே வந்தாலும், எனக்கு நினைவுக்கு வருவது ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயரின் வெயிலில் சிவந்த கழுத்துதான்.

சேலத்துக் கான்வென்ட் விடுதியிலிருந்து நான் கோடை லீவுக்கு வந்தபோது, சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்தில், புது ரோட்டுக்கான முளைக்குச்சிகள் கிணற்றை நடுவில் விட்டு இருபுறமும் அடிக்கப்பட்டிருந்தன. கிணறு போனால் எங்களுக்குச் சோறு போச்சு. ரோடு போட வந்த இன்ஜினீயர் துரை வரைபடத்தை விரித்து விரலால் காட்டக் காட்ட, அப்பா தலையை ஆட்டிக்கொண்டே மோர் ஊற்றியிருக்கிறார்!

"நம்மூட்டு மோரைக் குடிச்சுட்டு இருக்கறவருகிட்ட எப்படிச் சாமி மாட்டேன்னு சொல்றது? வாசல் தாண்டட்டும்னு இருந்தேன், காருல ஏறிப் போயிட்டாரு" என்றார் என்னிடம். எங்கள் வீட்டு வழக்கம் அப்படி: கொடுத்தது வாயில் இருக்கும்வரை கொடுத்தவரும் மறுத்துப் பேசக் கூடாது, வாங்கியவரும் பேசக் கூடாது. நாளைக்குத் துரை மறுபடி வருகிறார், இங்கிலீஷில் மறுத்துச் சொல்வது என் பொறுப்பு.

சாயங்காலம் முழுக்க நோட்டைப் புரட்டி, 'ஐ பெக் டு டிஃபர்', 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று பள்ளியில் படித்த மரியாதைகளையெல்லாம் திரட்டி அர்த்தம் சொன்னேன்.

"கெஞ்சறாங்க, பயப்படறாங்க... ஒரு மாட்டேனுக்கா இத்தனை?" என்று அம்மா சிரித்தாள்.

மறுநாள் துரை வந்தார், குடித்தார். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டு இன்னொரு சொம்பு ஊற்றினார். மூன்றாவது சொம்பையும் காலி செய்துவிட்டுத் துரை எழுந்து போய்க் காரைக் கிளப்ப, நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். படித்த மரியாதை ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"நோ சார்! வீ டோன்ட் அக்ரீ! கிணறு வேண்டும்!"

துரை காரை நிறுத்தி, இத்தனை நாள் உன் அப்பா ஏன் சொல்லவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார். நீங்கள் மோர் குடித்துக்கொண்டிருந்தீர்கள் என்றேன். மோர் வாசம் வீசச் சிரித்தவர், முளைக்குச்சிகளைப் பக்கத்துப் புறம்போக்குக்கு மாற்றிவிட்டார்.

அப்பா இல்லை, அம்மா இல்லை, கிணறும் தூர்ந்துவிட்டது. ரோட்டின் அந்த வளைவு மட்டும் இருக்கிறது. போன வாரம் பஸ் அங்கே ஒடித்துத் திரும்பியபோது, பக்கத்து சீட்டு அம்மாள் என்மேல் சாய்ந்து, "எந்தக் கிறுக்கனுங்க இங்க ரோட்டை வளைச்சான்?" என்றார்.

மறுத்துச் சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் அவர் கொடுத்த கடலை என் வாய் நிறைய இருந்தது.