கிளாலி கடந்து வந்த பட்டச் சான்றிதழ்

அடியார்களே, நான் சொல்லப்போறது எனக்கே நடந்தது. இப்ப நினைச்சாலும் உடம்பு புல்லரிக்குது.

தொண்ணூறுகளின்ர தொடக்கம். லண்டனில கோலியர்ஸ் வுட்டில இருந்தனான். யாழ்ப்பாணத்தில தாவரவியல் படிச்ச நான், இங்க ஒரு சட்டத்தரணியின்ர அலுவலகத்தில, அகதி விண்ணப்பம் போட வாற எங்கட சனத்துக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தன். அவை அழுது சொல்லுறதை இங்கிலிஷில சொல்லத்தான் ஏலும். அவைக்காக வாதாட ஏலாது. அந்த வேதனையிலதான் சட்டம் படிக்க வெளிக்கிட்டன். வேற பாடத்தில பட்டம் எடுத்தவை ஒரு வருசத்தில சட்டத்துக்கு மாறுற படிப்பு இங்க இருக்கு. எனக்கு இடமும் கிடைச்சது.

ஆனா மூலச் சான்றிதழைக் காட்டவேணும். அது ஊரில, மச்சாளிட்ட. சண்டையால பாதை பூட்டு. தபால் இல்லை. கல்லூரியில கடைசித் தவணை தந்தினம்: வெள்ளிக்கிழமை நாலு மணி. பிந்தினா இடம் வேற ஆளுக்கு.

அந்தக் கிழமை எங்கட திங்கட்கிழமை வழிபாட்டில அம்பாளின்ர படத்துக்கு முன்னால நிண்டன். அழுகைதான் வந்தது.

"என்ன பிள்ளை?" எண்டு கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில இருந்து வாற ராணியக்கா கேட்டா.

வெக்கத்தை விட்டு எல்லாத்தையும் சொன்னன். எல்லாரும் எனக்காகப் பிரார்த்திச்சினம்.

வியாழக்கிழமை ராணியக்கா தன்ர வீட்டுக்குப் பக்கத்துக் கடையில என்ர கதையைச் சொல்லியிருக்கிறா. பின்னால நிண்ட ஒரு பொம்பிளை திரும்பி, "தாவரவியல் படிச்ச சுகந்தியோ? மூண்டு கிழமையா அவவைத்தான் தேடுறன்" எண்டிருக்கிறா.

அந்தப் பொம்பிளை ஊரில இருந்து வெளிக்கிடேக்க, எனக்குத் தெரியாமலே மச்சாள் சான்றிதழைக் குடுத்துவிட்டிருக்கிறா. கிளாலிக் கடல்நீரேரியைப் படகில கடந்து வரேக்க என்ர நம்பர் எழுதின துண்டு நனைஞ்சு அழிஞ்சுபோச்சு. பொலித்தீனில சுத்தின சான்றிதழில ஒரு சொட்டுத் தண்ணி படேல்லை!

ராணியக்கா போன் எடுத்தா. நான் வீட்டுச் செருப்போட ட்ரெயினுக்கு ஓடினன். சான்றிதழைக் கையில வாங்கினதும் அந்த அக்காவைக் கட்டிப்பிடிச்சன். அவவின்ர பேர்கூட அப்ப எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலமை கல்லூரி வாசலில முதல் ஆளா நிண்டன். அலுவலர் சான்றிதழை ஒரு போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு, "செப்டெம்பரில சந்திப்பம்" எண்டார். அவ்வளவுதான்.

அந்த வருசம் லேசில்லை. காணிச் சட்டம் மண்டையை உடைச்சது. ஆனா பாஸ் பண்ணினன். பயிற்சியும் முடிச்சன். முதல் வழக்கில எழும்பி நிண்டன். பக்கத்தில ரெண்டு பிள்ளையளோட ஒரு தாய். அவவுக்காக இந்த முறை நானே வாதாடினன். அவவை இந்த நாட்டில இருக்க விட்டிட்டினம்.

அம்பாளுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? இதைச் சொல்லத்தான் ஏலும். உங்கட கஷ்டத்தை மனசுக்குள்ள பூட்டி வைக்காதேங்கோ. அவவிட்ட அழுங்கோ. பக்கத்தில இருக்கிறவையிட்டயும் வாய்விட்டுச் சொல்லுங்கோ. அவ ஆரின்ர காதில போடுவா எண்டு எங்களுக்குத் தெரியாது.